கடலை மிட்டாயும் பானகமும்: பாகு காலை வாராமல் இருக்க

முதல் தடவை நான் செய்த கடலை மிட்டாயை மகள் ஒரு கடி கடித்து இழுத்தாள். அது வந்துகொண்டே இருந்தது. "அம்மா, இது கடலை மிட்டாயா, ஜவ்வு மிட்டாயா?" என்றாள். இரண்டாம் தடவையும் அதே கதைதான். மூன்றாம் தடவை பாகு கருகி, கஷாயம் மாதிரி கசந்தது. இத்தனைக்கும் அம்மாவுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் ஊர்க்காரியின் மகளுக்கு மிட்டாய் வரவில்லை என்றால் வெளியில் சொல்ல முடியுமா? நாலாவது தடவை வந்துவிட்டது. இப்போது மாதம் இரண்டு முறை செய்கிறேன். அதே வெல்லக் கரைசலில் ஒரு பங்கு எடுத்துப் பானகமும் கலந்துவிடுவேன், ஒரே வேலை.

தேவையானவை: பச்சை வேர்க்கடலை 300 கிராம், வெல்லம் 300 கிராம் (200 மிட்டாய்க்கு, 100 பானகத்துக்கு), தண்ணீர் 150 மி.லி., நெய் ஒரு டீஸ்பூன், ஏலக்காய் நாலு, சுக்குப்பொடி கால் டீஸ்பூன், எலுமிச்சை ஒன்று, உப்பு ஒரு சிட்டிகை.

கடையில் "பாகு வெல்லம்" என்றே கேட்டு வாங்குங்கள். பளிச்சென்று மஞ்சளாக மின்னும் வெல்லத்தை நான் தொடுவதில்லை. கொஞ்சம் கறுத்து, கையில் பிசுபிசுக்கும் வெல்லத்தில்தான் பாகு எனக்கு ஒழுங்காக வந்திருக்கிறது.

முதலில் கடலை. அடிகனமான சட்டியில், சின்ன தீயில், கை விடாமல் வறுக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். ஒன்றை எடுத்துத் தேய்த்தால் தோல் கழன்று வர வேண்டும், உள்ளே பருப்பு லேசாகச் சிவந்திருக்க வேண்டும். துணியில் கொட்டித் தேய்த்து, சுளகில் புடைத்தால் தோல் பறந்துவிடும். தேய்க்கும்போதே பருப்பு இரண்டாக உடையும். உடையட்டும், உடைந்த கடலையில்தான் பாகு நன்றாகப் பிடிக்கும்.

அடுத்து வெல்லத்தைத் தண்ணீரோடு சூடாக்கிக் கரைத்து வடிகட்டுங்கள். மண், கரும்புச் சக்கை எல்லாம் இதில் நின்றுவிடும். கரைசலில் மூன்றில் ஒரு பங்கை, சின்ன டம்ளர் அளவு, பானகத்துக்குத் தனியே வைத்துவிட்டு மீதியைக் கழுவிய சட்டியில் ஊற்றிக் கொதிக்க விடுங்கள்.

இனிதான் விஷயமே இருக்கிறது.

பாகு முதலில் பெரிய பெரிய குமிழாகக் கொதிக்கும். பிறகு குமிழ் சிறுத்து, நுரை கெட்டியாகிப் பொங்கும், நிறம் ஒரு சுற்று சிவக்கும். இந்தக் கட்டத்தில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டினால் மெத்தென்ற உருண்டை வரும். அதிரசத்துக்குப் போதுமான உருட்டுப் பதம் இது. "உருண்டை வந்தாச்சு" என்று நான் அடுப்பை அணைத்தது இங்கேதான், ஜவ்வு மிட்டாய் வந்ததும் இதனால்தான். அம்மாவிடம் போனில் புலம்பினேன்.

"ஏட்டி, உருண்டையத் தட்டுல போட்டுப் பாத்தியா?"

"இல்லையே, எதுக்கு?"

"சத்தம் கேக்கணும்லா. டங்குனு."

இவ்வளவுதான் சங்கதி. உருண்டையை எவர்சில்வர் தட்டில் போட்டால் கல் விழுந்த மாதிரி "டங்" என்று கேட்க வேண்டும். இரண்டு விரலில் பிடித்து மடக்கினால் வளையக்கூடாது, "மடக்" என்று முறிய வேண்டும். சூட்டுக் கணக்கில் சொன்னால் உருட்டுப் பதம் 115 டிகிரி செல்சியஸ் பக்கம், மிட்டாய்ப் பதம் 150 பக்கம். இடையில் 35 டிகிரி இருக்கிறது. பயந்த கை அங்கேதான் அடுப்பை அணைத்துவிடும்.

சரி என்று சத்தம் கேட்கக் காத்திருந்தபோதுதான் மூன்றாம் தடவை கருகியது. காரணம் பிறகுதான் புரிந்தது. ஒரே கிண்ணத் தண்ணீரில் ஐந்தாறு முறை சொட்டு விட்டுப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டதால் பாகு பதத்துக்கு வந்த பிறகும் சொட்டு இறுகாமல் மெத்தென்றே இருந்தது, நானும் "இன்னும் ஆகல, இன்னும் ஆகல" என்று கொதிக்க விட்டுக்கொண்டே இருந்தேன். அதனால் ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீர் எடுங்கள். சோதிக்கும் நேரத்தில் அடுப்பையும் அணைத்துவிடுங்கள். கடைசி இரண்டு மூன்று நிமிடத்தில் பாகு ஓடுகிற ஓட்டத்துக்கு, நீங்கள் உருண்டை உருட்டி முடிப்பதற்குள் பதம் தாண்டிவிடும். ஆகவில்லை என்றால் திரும்பப் பற்றவைத்துக்கொள்ளலாம். கருகியதை ஒன்றும் செய்ய முடியாது, கொட்ட வேண்டியதுதான்.

இந்த நேரத்தில் பிள்ளைகள் அடுப்படியில் நிற்கக்கூடாது. கொதிக்கும் தண்ணீர் பட்டால் வழிந்துவிடும், பாகு தோலில் ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். தெறித்தால் உடனே குழாய்த் தண்ணீரில் கையைக் காட்டுங்கள்.

சத்தம் கேட்டதா? அடுப்பை அணைத்து, நெய்யும் தட்டிய ஏலக்காய் இரண்டும் போட்டு, கடலையைக் கொட்டிக் கிளறுங்கள். நெய் தடவிய தட்டின் பின்பக்கத்தில் கொட்டி, நெய் தடவிய சப்பாத்திக் கட்டையால் தேய்த்து, சூடு இருக்கும்போதே கத்தியால் கோடு போட்டுவிடுங்கள். எல்லாம் இரண்டு நிமிட வேலை, தட்டும் கட்டையும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். ஆறினால் கோட்டோடு உடைத்துக்கொள்ளலாம்.

மிட்டாய் சூடு காட்டும் தெர்மாமீட்டர் வாங்கலாமா என்றால், நான் வாங்கினேன். கொஞ்சமாகச் செய்யும்போது சட்டியில் பாகு ஒரு விரல் உயரம்கூட இருப்பதில்லை, கம்பி பாகில் முங்குவதே கிடையாது. இப்போது அலமாரியில் தூங்குகிறது. நான்ஸ்டிக் சட்டியும் வேண்டாம், கறுப்பு அடியில் பாகின் நிறம் தெரியாது. அடிகனமான எவர்சில்வர்தான் என் ஓட்டு.

மிட்டாய் ஆறுவதற்குள் பானகம். எடுத்து வைத்த கரைசலில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, எலுமிச்சையைப் பிழிந்து, சுக்குப்பொடி, மீதி ஏலக்காய், உப்பு போட்டுக் கலக்குங்கள். முடிந்தது. ராமநவமிக்குக் கோயிலில் கொடுக்கும் பானகம் போல வேண்டுமென்றால் சுக்கைக் கூட்டிக்கொள்ளலாம், என் மகள் இருமுவாள் என்பதால் நான் குறைத்திருக்கிறேன். எலுமிச்சைக்குப் பதில் புளி கரைத்து ஊற்றுபவர்களும் உண்டு. எனக்கு அது ரசம் ஞாபகம் வந்துவிடுகிறது.

வெல்லம்தானே என்று அள்ளிக் கொடுக்கவும் வேண்டாம். பல்லுக்குச் சீனியும் வெல்லமும் ஒன்றுதான். பள்ளி விட்டு வந்ததும் ஒரு துண்டு, ஒரு டம்ளர், அவ்வளவுதான் எங்கள் வீட்டில்.

பின்சேர்க்கை 1: மூன்று வயதுப் பையனுக்குக் கொடுக்கலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். ஐந்து வயதுக்குள் முழுக்கடலையோ பாதிக் கடலையோ மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சின்னவர்களுக்குப் பாகே தேவையில்லாத கடலை உருண்டை செய்யலாம். வறுத்த கடலையை நைஸாகப் பொடித்து, வெல்லத்தூள் சேர்த்து மிக்ஸியில் விட்டு விட்டு இரண்டு சுற்று ஓட்டினால் கடலையின் எண்ணெய் கசிந்து, கையில் பிடித்தாலே உருண்டையாகும். அதையும் உதிர்த்து உதிர்த்துக் கொடுங்கள். வீட்டில் யாருக்காவது கடலை ஒவ்வாமை இருந்தால் முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: "கடலையைக் கொட்டியதுமே இறுகிவிட்டது, பரப்பவே முடியவில்லை" என்று ஒருவர். விசாரித்தால், முந்தின நாள் வறுத்து ஃப்ரிட்ஜில் வைத்த கடலையாம். சில்லென்ற கடலை பட்டால் பாகு சட்டென்று இறுகத்தான் செய்யும். பழைய கடலை என்றால் லேசாகச் சூடு காட்டிவிட்டுப் போடுங்கள்.

பின்சேர்க்கை 3: மழைக்காலத்தில் செய்தவருக்கு இரண்டே நாளில் மிட்டாய் ஈரம் கோத்துவிட்டதாம். பதம் சரியாக இருந்தாலும் வெல்லம் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். முழுக்க ஆறியதும் பட்டர் பேப்பரில் சுற்றி, இறுக மூடும் டப்பாவில் போடுங்கள். கருப்பட்டியில் வருமா என்று கேட்டவருக்கு: வரும், ஆனால் பதநீர்ச் சுண்ணாம்பு அடியில் தங்கும், இரண்டு முறை வடிகட்டுங்கள். மீந்த வெல்லக் கரைசலைக் கொதிக்கும் பாலில் ஊற்றியவருக்குப் பால் திரிந்துபோனதாம். பால் வெதுவெதுப்புக்கு இறங்கிய பிறகு ஊற்றுங்கள்.

சட்டி கழுவுவது பற்றி யாருமே கேட்கவில்லை. நான் முதல் நாள் கம்பி நார் போட்டுத் தேய்த்து ஒரு நகத்தை உடைத்துக்கொண்டேன். பாகு ஒட்டிய சட்டியில் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விட்டால் தானாகக் கரைந்து வந்துவிடும். அந்தத் தண்ணீரில் ஒரு துண்டு சுக்கைத் தட்டிப் போட்டு எங்கள் அத்தை குடித்துவிடுகிறார். மிட்டாயை விட அதுதான் அவருக்குப் பிடித்திருக்கிறது.