‘சும்மா’ இருப்பவளின் கதை: ஊர்ப் பிரச்சினையை ஊருக்குச் சொல்வது எப்படி?

திருநெல்வேலி வட்டாரத்தில் முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் என்று எந்தப் பக்கம் போய், பீடி சுற்றும் ஒரு பெண்ணைப் பற்றி விசாரித்தாலும், “வீட்டுல சும்மாதான் இருக்கா, பீடி சுத்துதா” என்ற பதிலைக் கேட்கலாம். விடிந்ததிலிருந்து விளக்கு வைத்த பிறகும் ஓயாத கைகளுக்குச் ‘சும்மா’ என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒரு பிரச்சினையை ஊர் எப்படிப் புரிந்துவைத்திருக்கிறது என்பது இத்தகைய சிறு சொற்களில்தான் தங்கியிருக்கிறது. ஆகவே, கதை எழுத உட்காரும் முன் அந்தச் சொல்லைக் கண்டுபிடியுங்கள். உங்கள் கதை அசைக்க வேண்டியது அதைத்தான்.

அடுத்து, ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் சம்மதத்துடன், ஒரு முழு நாள் அவர் வீட்டுத் திண்ணையில் இருங்கள். கேள்விகளை அடுக்க வேண்டாம், கைகளைப் பாருங்கள். நனைத்து வைத்த இலையைத் தகடு வைத்துக் கத்தரிப்பதும், மடியிலுள்ள தட்டிலிருந்து புகையிலைத் தூளை அள்ளிப் பரப்பிச் சுருட்டுவதும், நுனியை மடக்கி நூலால் கட்டுவதும், தொட்டிலை ஆட்டக் கால் நீளும்போதும் கை நிற்காமல் நடந்துகொண்டிருக்கும். இலையும் தூளும் கொடுத்துப் பீடியை வாங்கிக்கொள்ளும் கடையைப் பற்றி, “கணக்கு கொறைஞ்சா கடையில ஏசுவாவ” என்று அவர் சொன்னால், அதை ‘உற்பத்தி இலக்கை எட்டாதோர் கண்டிக்கப்படுகின்றனர்’ என்று மாற்றி எழுதிவிடாதீர்கள். அப்படி மாற்றிய கணத்தில் அந்தப் பெண் வாக்கியத்தை விட்டு வெளியேறிவிடுகிறார்.

எண்களைக் கைகளுக்குப் பிறகு வையுங்கள். 1,000 பீடிக்கு இவ்வளவு கூலி என்று எடுத்த எடுப்பில் சொன்னால் அது காற்றோடு போகும். ஒரு பீடி உருவாவதைக் கேட்பவர் கண்ணால் கண்ட பிறகு, அதே வெட்டும் சுருட்டும் முடிச்சும் 1,000 முறை நடந்தால்தான் அந்தக் கூலி என்று சொன்னால், கூட்டத்தில் ஒருவராவது தம் விரல்களைப் பார்த்துக்கொள்வார். சட்டத்தையும் அதன் பிறகே கொண்டுவாருங்கள். பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்காக 1966-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்றே ஏற்றுக்கொண்டது. சட்டம் அன்றே தொழிலாளி என்று அழைத்தவரை ஊர் இன்னும் சும்மா இருப்பவள் என்கிறது. கதையின் நடுப்புள்ளி இதுதான்.

வினைச்சொற்களில் மிகுந்த கவனம் தேவை. இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கைகளுக்காக ஊர்வலம் சென்றவர்கள்மீது போலீசார் தடியடி நடத்தியதில், கூட்டம் தாமிரபரணி ஆற்றுப் பக்கம் ஓடி, 17 பேர் உயிரிழந்தார்கள். ‘ஆற்றில் விழுந்து 17 பேர் பலி’ என்று அதே நிகழ்ச்சியைச் சொன்னால், தடியும் ஓட்டமும் மறைந்து, கேட்பவர் மனத்தில் ஆறு மட்டும் மிஞ்சும். தன்வினைக்கும் பிறவினைக்கும் இடையே நம் மொழியில் பல சொற்களில் ஓர் எழுத்துத்தான் வேறுபாடு: கூலி குறைந்ததா, குறைத்தார்களா? உறுதியாகத் தெரிந்திருந்தால் குறைத்தவரை எழுவாயாக வையுங்கள். தெரியாவிட்டால் விசாரித்து வந்து எழுதுங்கள்.

கதையைக் கட்டும் முறைக்கு வெளியூர் போக வேண்டாம். கோயில் கொடைகளில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வில்லடிப்பவருக்குப் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவதோடு நிற்காமல், கூட்டம் மனத்தில் வைத்திருக்கும் சந்தேகத்தையும் வாய்விட்டுக் கேட்பார். நீங்களும் கேட்பவரின் எதிர்வாதத்தைக் கதைக்குள்ளேயே எழுப்பிவிடுங்கள். “வேற வேலைக்குப் போனா என்ன?” என்று ஒருவர் கேட்கட்டும்; கைப்பிள்ளையும், படுக்கையில் கிடக்கும் மாமியாரும், நேரத்துக்கு வராத பஸ்ஸும் பதில் சொல்லட்டும்.

வில்லுப்பாட்டிலிருந்து ஓர் எச்சரிக்கையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றுச் சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனுக்குப் பக்தர்கள் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். அந்தப் பட்டவராயன்தான் முத்துப்பட்டன் கதையின் நாயகன். அந்தணராகப் பிறந்து, பொம்மக்கா, திம்மக்கா என்ற அருந்ததியர் குலப் பெண்கள் இருவரை மணக்கப் பூணூலை அறுத்து, செருப்புத் தைக்கக் கற்று, மாமனாரின் மாடுகளைக் காக்கும் சண்டையில் மாண்டவன். காலில் செருப்போடு தெருவில் நடக்கவே ஒரு மக்களுக்குத் தடை இருந்த நாட்டில், செருப்பையே சாமிக்குக் கட்டவைத்தது இந்தக் கதை. ஆனால் அந்தப் பெண்கள் பிறப்பால் அந்தணர்கள், காட்டில் கண்டெடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று மாற்றிப் பாடும் வடிவமும் உண்டு. அந்த ஒரு திருத்தத்தால் கேட்பவர் மனம் நிம்மதியடைகிறது. கதையின் உயிரோ போய்விடுகிறது. யாரையும் புண்படுத்த வேண்டாமே என்று உங்கள் கதையிலும் இப்படி ஒரு திருத்தத்தைச் செய்யச் சொல்லி, வேண்டியவர்களே வருவார்கள். செய்யாதீர்கள்.

எழுதி முடித்ததும் முதலில் அந்தப் பெண்ணிடம் படித்துக் காட்டுங்கள். “இது வேண்டாம்” என்று அவர் சொல்லும் வரி எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் அடித்துவிடுங்கள்; நாளை அதே கடையில் இலை வாங்கப் போய் நிற்பவர் அவர். பெயரையும் ஊரையும் மாற்றலாம். கூலியையும் உடல்வலியையும் கூட்டியோ குறைத்தோ சொல்லக் கூடாது. ஒரு தவறு பிடிபட்டாலும் மற்றதெல்லாம் பொய்யென்று தள்ளிவிடுவார்கள்.

சொல்லும் இடத்துக்கு என் யோசனை மே 1 கிராம சபைக் கூட்டம். தொழிலாளர் நாளன்று, பீடி சுற்றுபவர்களே நிறைந்திருக்கும் கூட்டத்தில், பத்து நிமிடத்துக்கு மேல் போகாமல் சொல்லுங்கள். கதையோடு ஒரு கோரிக்கையும் ஒற்றை வாக்கியத்தில் தயாராக இருக்கட்டும். அதை அந்தப் பெண்ணே எழுந்து வாசிக்க முன்வந்தால், தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள்.