ராம் கூட்டிய பின் கணினி தொடங்க மறுத்தால்

புதிய டிடிஆர்4 வகை ராமைப் (கணினியின் தற்காலிக நினைவகப் பலகையை) பொருத்தியதும் கணினி விண்டோஸ் தோன்றும் முன்பே அணைந்து அணைந்து எழுந்தால், முதலில் மின்இணைப்பைத் துண்டித்து, ராமைக் கழற்றி, அதன் பள்ளம் ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்துமாறு நிறுத்தி, தாழ்ப்பாள் ‘டக்’கென்று பூட்டும்வரை இரு முனைகளிலும் அழுத்துங்கள். அரைகுறையாகச் செருகப்பட்ட ராமே பலமுறை காரணமாக இருக்கும்.

தீராவிட்டால், பழையதையும் புதியதையும் தனித்தனியே, மதர்போர்டு கையேடு சொல்லும் ஸ்லாட்டில் (நான்கு ஸ்லாட் உள்ளவற்றில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து இரண்டாவது) இட்டுப் பாருங்கள். தனியாக ஓடி, சேரும்போது மட்டும் கணினி முடங்கினால், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று கொள்ளலாம்; பயாஸில் (விண்டோஸுக்கு முன் திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையில்) எக்ஸ்எம்பியை (ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பை) அணைத்து, ராமின் வேகத்தை 3200-இலிருந்து 2666-க்கு இறக்குங்கள். பென்டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனை மென்பொருளை இரவு முழுக்க ஓட்டும்போது, தனியாகச் சோதித்த ராமில் ஒரே ஒரு பிழை வந்தாலும், தயங்காமல் வாரண்டியில் மாற்றிக்கொள்ளுங்கள்.