ஆண்ட்ராய்டு ஒன்று, ஐபோன் ஒன்று: இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது எப்படி?

ஏற்கெனவே இருக்கும் ஆண்ட்ராய்டு போனில் ஏர்டெல் சிம். புதிதாக வாங்கிய ஐபோனில் ஜியோ. இப்படி இரண்டு போன் வைத்திருப்பவர்கள் பலரும் எல்லா ஆப்பையும் இரண்டிலும் ஏற்றிவிட்டு, எது எதில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். எந்த போனுக்கு எந்த வேலை என்று பிரித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இந்த ஜோடியையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

1. வங்கி நம்பருக்கு முதலில் இடம் ஒதுக்குங்கள்

மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். ஜிபே, போன்பே போன்ற யூபிஐ ஆப்பில் பதியும்போது, வங்கியில் கொடுத்த நம்பரிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போகும். அந்த சிம் அதே போனில் இருந்தால்தான் பதிவு நடக்கும். சிம்மைக் கழற்றி ஐபோனில் போட்டால் மறுபடியும் பதிய வேண்டும். பதிந்த பிறகும் குறைந்தது முதல் 24 மணி நேரத்துக்குப் பெரிய தொகை அனுப்ப முடியாது. மருத்துவமனையில் பணம் கட்ட நிற்கும்போது இது நடந்தால் எவ்வளவு கஷ்டம்! வங்கி நம்பர் ஏர்டெல் என்றால் அது ஆண்ட்ராய்டிலேயே இருக்கட்டும்.

2. கான்டாக்ட்ஸ் ஒரே இடத்தில்

ஆண்ட்ராய்டில் நம்பர்களை சிம்மில் சேமிக்காமல் கூகுள் கணக்கில் சேமியுங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், ஆப்ஸ், கான்டாக்ட்ஸ் என்று போய் அதே கூகுள் கணக்கைச் சேர்த்து, கான்டாக்ட்ஸை மட்டும் ஆன் செய்யுங்கள். அங்கேயே டீஃபால்ட் அக்கவுண்டையும் கூகுளுக்கு மாற்றுங்கள். இதை விட்டுவிட்டால், ஐபோனில் புதிதாகச் சேர்க்கும் நம்பர் ஆப்பிளின் சேமிப்பிடமான ஐகிளவுடுக்குப் போய்விடும், ஆண்ட்ராய்டில் தெரியாது.

3. ஒரே வாட்ஸ்அப் இரண்டிலும்

2023 முதல் ஒரே கணக்கை இன்னொரு போனிலும் இணைக்கலாம். ஐபோனில் வாட்ஸ்அப்பைத் திறந்து, நம்பர் கேட்கும் பக்கத்தில் நம்பரைப் போடாதீர்கள். மேலே இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு, துணைச் சாதனமாக இணைக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். க்யூஆர் கோடு வரும். ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பில் லிங்க்ட் டிவைசஸ் போய் அதை ஸ்கேன் செய்தால் முடிந்தது. முதன்மை போனான ஆண்ட்ராய்டில் 14 நாளுக்கு ஒரு முறையாவது வாட்ஸ்அப்பைத் திறக்க வேண்டும்; இல்லையென்றால் இணைப்பு அறுந்துவிடும்.

4. நெட் இல்லாத இடத்தில் ஹாட்ஸ்பாட்

இரண்டு நிறுவன சிம் வைத்திருப்பதன் முழுப் பலனும் இதில்தான். ஏர்டெல் டவர் எட்டாத ஊரில் ஜியோ நெட்டை ஆண்ட்ராய்டுக்குக் கொடுக்கலாம். ஐபோனில் பர்சனல் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து, மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டியை ஆன் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு இணையும் வரை அந்தப் பக்கத்தை மூடாதீர்கள். மூடினால் சில சமயம் வைஃபை பட்டியலில் ஐபோனின் பெயரே வராது.

5. அழைப்பு தவறாமல் இருக்க

ஆண்ட்ராய்டின் போன் ஆப் செட்டிங்ஸில் கால் ஃபார்வர்டிங் (வரும் அழைப்பை வேறு நம்பருக்குத் திருப்பும் வசதி) இருக்கும். அதில் தொடர்பு கிடைக்காதபோது என்ற வகையில் மட்டும் ஜியோ நம்பரைக் கொடுங்கள். ஏர்டெலில் சிக்னல் இல்லாதபோது அழைப்பு ஐபோனுக்கு வரும். எல்லா அழைப்புக்கும் என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆண்ட்ராய்டு மணியே அடிக்காது.

முன்பின் தெரியாதவர் போனில் அழைத்து, *401# என்றோ 21* என்றோ தொடங்கும் எதையாவது அழுத்தச் சொன்னால் தயவுசெய்து அழுத்த வேண்டாம். உங்கள் அழைப்புகளை அவர்கள் பக்கம் திருப்பி, ஓடிபி அழைப்பைப் பிடிக்கும் மோசடி அது. *401# வழி ஃபார்வர்டிங்கை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டதும் இதனால்தான். சந்தேகம் இருந்தால் ##002# அழுத்துங்கள். எல்லா ஃபார்வர்டிங்கும் ரத்தாகிவிடும். பிறகு நீங்கள் வைத்ததை மட்டும் திரும்ப வைத்துக்கொள்ளுங்கள்.