தோட்டத்து மழை வேறு, கடல் மழை வேறு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பாகான் டத்தோ பக்கம் தென்னைக்கும் செம்பனைக்கும் நடுவில் வளர்ந்தவர்களுக்கு மழை புதிதல்ல. மழை வந்தால் வேலை நிற்கும், வேலை நின்றால் தூண்டிலை எடுத்துக்கொண்டு நண்பனோடு கிளம்பிவிடுவோம். கரைந்துபோக நாம் என்ன உப்பா? தோட்டத்தில் இந்தப் பேச்சு சரி. பேராக் ஆறு கடலில் சேரும் இடத்தில், சின்னப் படகில், இது செல்லாது. அங்கே பிரச்சினை நனைவதல்ல.

முதல் தவறு, மழை வருமா என்று மட்டும் பார்ப்பது. பார்க்க வேண்டியது காற்றை. சுமாராக ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, சுமத்ரா பக்கமிருந்து வரிசையாக இடிமேகங்கள் மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும். பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ வரும். அதாவது நாம் படகுத்துறையில் படகை அவிழ்க்கும் நேரத்தில். மழைக்கு முன்னாலேயே குளிர்ந்த காற்று அடித்துவிடும், அதன் பிறகு திரும்ப நேரம் இருக்காது. புறப்படுமுன் மேற்கே பாருங்கள். தூரத்தில் மின்னல் வெட்டினால் டீக்கடையில் உட்காருங்கள். இந்த ஆட்டம் வழக்கமாக ஓரிரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும், மீன் எங்கேயும் ஓடிவிடாது.

அடுத்தது, படகுக்குள் தேங்கும் தண்ணீரை அலட்சியம் செய்வது. சின்னக் கணக்குதான். 5 மீட்டர் படகின் உள்பரப்பு 6 சதுர மீட்டர் என்று வையுங்கள். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை கொட்டினால் 300 லிட்டர் சேரும். 300 கிலோ! அழைக்காத நான்கு பேர் ஏறி உட்கார்ந்த மாதிரி. அந்த நான்கு பேரும் சும்மாவும் இருக்க மாட்டார்கள். படகு சாயும் பக்கமே தண்ணீரும் ஓடி இன்னும் சாய்க்கும். கடைசியில் மொத்தமாக இறைத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வாளியைக் கயிற்றில் கட்டிவைத்து, ஒருவர் தூண்டில் போடும்போது இன்னொருவர் இறைக்க வேண்டும்.

உயிருள்ள இறால் இரை வைத்திருந்தால் அந்த வாளியை மூடுங்கள். மழைநீர் சேர்ந்து உப்பு குறைந்தால் இறால் செத்துவிடும்.

நண்பன் விஷயம் கொஞ்சம் நாசூக்கானது. "மச்சான், போதும், போலாம்" என்று சொல்ல வெட்கப்பட்டே பலர் உட்கார்ந்திருப்பார்கள். யாராவது ஒருவர் சொன்னாலும் மறுபேச்சின்றித் திரும்புவது என்று கரையிலேயே பேசிவிடுங்கள். இன்ஜினை எப்படிக் கிளப்புவது, எப்படி நிறுத்துவது என்று அவருக்கும் காட்டுங்கள். நீங்களே தண்ணீரில் விழுந்தால் யார் ஓட்டுவது? மீன் மாட்டியதும் இருவரும் ஒரே பக்கம் எழுந்து நிற்பதும் வேண்டாம். காற்றடித்து உப்பும் வகை லைஃப் ஜாக்கெட் என்றால் ரெயின்கோட்டுக்கு மேலே போடுங்கள். உள்ளே போட்டால் அது விரிய இடமிருக்காது.

நங்கூரத்தைப் படகின் பின்பக்கம் கட்டுவதை இன்னும் பார்க்கிறேன். முன்முனையில்தான் கட்ட வேண்டும். பின்பக்கம் கட்டினால் அலை நேராக உள்ளே ஏறும். இடி காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரம்தான். கார்பன் தூண்டில் கம்பியைக் கீழே படுக்க வையுங்கள், அது மின்சாரம் கடத்தும். மேல்மூடி இல்லாத படகில் ஒளிய இடம் கிடையாது, தாழ உட்கார்ந்து கரையைப் பார்த்து வாருங்கள்.

திரும்பும்போது அவசரப்பட்டு வேகமெடுப்பதும் தவறு. வற்றும் நீர் வெளியே ஓட, மேற்குக் காற்று எதிரே தள்ள, முகத்துவாரத்தில் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். பெருமழையில் மட்டையும் மரக்கட்டையும் ஆற்றோடு மிதந்து வரும்.

அப்புறம் செம்பிலாங், அதாவது விஷ முள் உள்ள கெளுத்தி வகை மீன். ஈரக்கையோடு அதைக் கொக்கியிலிருந்து கழற்றாதீர்கள், குறடு வேண்டும். குத்திவிட்டால் ஐஸ் வைக்க வேண்டாம். சுமார் 45 டிகிரி சுடுநீரில், வலி குறையும்வரை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் கையை முக்கி வையுங்கள். சூட்டை மற்ற கையால் சோதியுங்கள், குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. முள் உள்ளே உடைந்திருக்கலாம் என்பதால் வலி அடங்கினாலும் கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.