‘இன் குட் ஃபெய்த்’ எழுதுவதற்கு முன்னால்

மதுரை கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு அடித்துக் கொடுப்பது என் தொழில். போன வாரம் மேலூர்த் தம்பி ஒருவர், போலீசுக்குக் கொடுக்கத் தானே எழுதிய இங்கிலீஷ் புகாரோடு வந்தார். பழைய பைக் ஒன்றை வாங்கியிருக்கிறார். அது திருட்டு வண்டி. ‘ஐ பாட் இட் இன் குட் ஃபெய்த்’ என்று எழுதியிருந்தார். இலக்கணம் சரிதான்.

“ஆர்சி புக்கைப் பாத்தீங்களா தம்பி?”

“இல்லண்ணே, தெரிஞ்ச ஆளு. நம்பி வாங்கிட்டேன்.”

சிக்கலே அதில்தான். ஃபெய்த் என்றதும் நம்பிக்கை என்று எடுத்துக்கொள்கிறோம். இது அடுத்தவர்மேல் வைக்கிற நம்பிக்கை இல்லை. நம் மனதில் கள்ளம் இல்லை என்பது. தமிழில் நல்லெண்ணம். சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. உரிய கவனம் இல்லாமல் செய்தது நல்லெண்ணத்தில் செய்தது ஆகாது என்றது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இதே விளக்கம்தான். மற்ற சட்டங்களில் வரும் சொற்களுக்குப் பொருள் சொல்கிற 1897-ன் பொது விதிகள் சட்டம் (ஜெனரல் கிளாசஸ் ஆக்ட்) கொஞ்சம் தாராளம்: நேர்மையாகச் செய்திருந்தால் போதும், கவனக்குறைவு இருந்தாலும் பரவாயில்லை. எந்தச் சட்டம் என்று தெரியாமல் இந்தச் சொல்லை மனுவில் தூவினால், ‘என்ன சரிபார்த்தாய்?’ என்ற கேள்வியை நாமே கூப்பிட்டுக் கொடுத்த மாதிரி.

‘ஐ ஹேவ் குட் ஃபெய்த் ஆன் யூ, சார்’ என்றும் எழுதுகிறார்கள். அங்கே வேண்டியது டிரஸ்ட். ‘இன் எ குட் ஃபெய்த்’ என்று நடுவில் ஒரு ‘எ’ போடுவதும் தவறு.

அப்புறம் இதன் லத்தீன் அண்ணன், போனஃபைட். ஸ்கூல் சர்டிஃபிகேட்டால் நமக்கெல்லாம் பழக்கம். கடைசி எழுத்துகள் எஃப், ஐ, டி, இ. சர்டிஃபைடு, வெரிஃபைடு நினைப்பில் இ-யை டி-க்கு முன்னால் தட்டிவிடுகிறார்கள். நானே பல வருஷம் அப்படித்தான் அடித்தேன். போனா, ஃபைட் என்று இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதுவதே முறை. ‘நல்லெண்ணத்தோடு’ என்ற பொருள் அதற்குள்ளேயே இருப்பதால் ‘இன் போனஃபைட்’ என்பது நடு சென்டர் கதை.

தம்பி மனுவில் அந்த வரியை எடுத்துவிட்டு, எந்தத் தேதியில், யாரிடம், எவ்வளவு கொடுத்தார் என்று மூன்று வரி அடித்தேன். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் போனில் இருந்தது. அதையும் பிரிண்ட் எடுத்துப் பின்னால் இணைத்தோம்.