கிளாரன்ஸில் ஃபிளாட் வாங்கப் போகிறீர்களா? மலைக்கு முன்னால் மினிட்ஸைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவில் குளிர்காலமான ஜூலை மாதம் வந்தால் போதும், ஆஃப்ரிஸ்கி பனிச்சறுக்கு மையத்துக்குப் போய்ப் பனியில் விழுந்து எழுந்து வந்த யாராவது டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்தோ ஃபீனிக்ஸிலிருந்தோ என்னைக் கூப்பிட்டு, "அக்கா, திரும்பி வரும்போது கிளாரன்ஸில் ஒரு ஃபிளாட் பார்த்தோம், ஜன்னலைத் திறந்தால் நேரே மலுட்டி மலை, வாங்கிடலாமா?" என்று கேட்பார்கள். நானும் தம்பியும் சேர்ந்து அங்கே ஒன்று வாங்கி வைத்திருப்பதால் என்னிடம் கேட்கிறார்கள். வாங்கலாம், தாராளமாக வாங்கலாம். ஆனால் மலை எங்கேயும் போகாது. முதலில் அந்தக் கட்டிடத்தின் கடைசி மூன்று வருட மினிட்ஸையும், அதாவது உரிமையாளர்களின் ஆண்டுக் கூட்டக் குறிப்புகளையும், கணக்கையும் வாங்கிப் படியுங்கள் என்றுதான் சொல்வேன். அப்படி ஏன் சொல்கிறேன் என்பதை விவரமாக எழுதுகிறேன்.

முதலில் பனி எங்கே இருக்கிறது என்பதைப் பார்ப்போம். தென்னாப்பிரிக்காவுக்குள் பனிச்சறுக்குக்கென்றே அமைந்த இடம் டிஃபின்டெல். அது ஈஸ்டர்ன் கேப்பில், ரோட்ஸ் என்ற சின்ன ஊருக்கு மேலே, பென் மெக்டூயி மலைச்சரிவில் இருக்கிறது. டர்பனிலிருந்து அது நெடுந்தூரம், கடைசிப் பகுதி மண் பாதை. நம் ஆட்கள் பெரும்பாலும் போவது ஆஃப்ரிஸ்கிக்கு, அது லெசோத்தோவில், 3,222 மீட்டர் உயரமுள்ள மஹ்லசேலா கணவாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் சீசன், இயற்கைப் பனி போதாதபோது இயந்திரம் வைத்துப் பனி தூவுவார்கள். அங்கேயே மலைமேல் ஒரு வீடு வாங்கிவிடலாமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம்: லெசோத்தோவில் நிலம் பாசுத்தோ மக்கள் எல்லாருக்கும் பொதுவானது, அரசர் அதைப் பொறுப்பேற்று வைத்திருக்கிறார், தனி ஆளுக்குக் கிடைப்பது குத்தகை உரிமைதான், வெளிநாட்டவருக்கு அதிலும் கட்டுப்பாடு உண்டு. அதனால்தான் எல்லோரும் எல்லைக்கு இந்தப் பக்கம், ஃப்ரீ ஸ்டேட்டில் உள்ள கிளாரன்ஸில் வாங்குகிறார்கள். அங்கிருந்து காலெடன்ஸ்பூர்ட் எல்லையைத் தாண்டி, மோட்டெங் கணவாய் ஏறினால் ஆஃப்ரிஸ்கி. காருக்கு வங்கிக் கடன் பாக்கி இருந்தால், எல்லை தாண்ட வங்கியின் அனுமதிக் கடிதம் வேண்டும். பாஸ்போர்ட்டை நினைவாக எடுத்து, கடிதத்தை மறந்துவிட்டு எல்லை வரை வந்து திரும்பிய குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன்.

ஃபிளாட்டைப் பார்க்க இரண்டு முறை போங்கள், ஒருமுறை ஜூலையில், ஒருமுறை ஜனவரி அல்லது பிப்ரவரியில். ஜூலையில் எல்லா வீடும் அழகுதான், அடுப்பில் விறகு எரியும், வெளியே புல் பொன்னிறமாகக் காய்ந்து கிடக்கும், மனசு உடனே கையெழுத்துப் போடச் சொல்லும். கோடையில் போனால்தான் மதியம் மூன்று மணிக்கு மேல் இடி மின்னலோடு அடிக்கும் மழையில் கூரை எங்கே ஒழுகுகிறது, கார் நிறுத்தும் இடத்தில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று தெரியும். சாலையையும் கணக்கில் வையுங்கள். டர்பனிலிருந்து N3 நெடுஞ்சாலையைப் பிடித்து, வான் ரீனன் கணவாய் ஏறி, ஹாரிஸ்மித் தாண்டிப் போக வேண்டும், நிறுத்தாமல் ஓட்டினாலும் நாலு மணி நேரத்துக்குக் குறையாது. 2024 செப்டம்பரில் அந்தக் கணவாயில் பனி கொட்டி, சாலை மூடி, எத்தனையோ பேர் காரிலேயே இரவைக் கழித்தார்கள். செப்டம்பர் என்றால் வசந்தகாலம், பனி காலண்டர் பார்த்துப் பெய்வதில்லை.

அடுத்து, நீங்கள் உண்மையில் எதை வாங்குகிறீர்கள் என்பது. இதில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிக் கட்டிடம். செக்‌ஷனல் டைட்டில் என்றால் உங்கள் பகுதி உங்கள் பெயரில் பத்திர அலுவலகத்தில் பதிவாகும், பொது இடத்தில் உங்களுக்கு ஒரு பங்கு உண்டு, வங்கி பாண்ட், அதாவது வீட்டுக் கடன், தரும். ஷேர் பிளாக் என்றால் நீங்கள் வாங்குவது ஒரு கம்பெனியின் பங்கு, அதோடு சேர்ந்து அந்த ஃபிளாட்டைப் பயன்படுத்தும் உரிமை, அவ்வளவுதான். வங்கிகள் அதற்கு வீட்டுக் கடன் தருவது அரிது. டைம்ஷேர் என்றால் வருடத்தில் ஒரு வாரமோ புள்ளிகளோ. வாங்குவது சுலபம், கை கழுவுவதுதான் கஷ்டம், ஆண்டுக் கட்டணம் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். மலைப்பக்கம் இந்த மூன்றும் கலந்து கிடக்கின்றன. "இது செக்‌ஷனல் டைட்டில்தானே, செக்‌ஷன் எண் என்ன?" என்று ஏஜெண்டிடம் முதல் கேள்வியாகவே கேளுங்கள். பதில் வழவழவென்று வந்தால் அடுத்த வீட்டுக்கு நடங்கள்.

இப்போது மினிட்ஸ் கதைக்கு வருகிறேன். நாங்கள் முதலில் ஆசைப்பட்டது இந்த ஃபிளாட்டை அல்ல. மணற்கல் சுவர், இரண்டு படுக்கையறை, சின்ன பால்கனி; அப்பா மங்கி கேப்பை மாட்டிக்கொண்டு கையில் டீயோடு அந்தப் பால்கனியில் நின்றதைப் பார்த்ததும் தம்பி விலையே பேச வேண்டாம் என்றான். அன்றிரவு விருந்தினர் விடுதியில் படுத்துக்கொண்டே, விற்பவர் அனுப்பியிருந்த ஆண்டுக் கூட்டக் குறிப்புகளைப் புரட்டினேன். முதல் வருடம், "கூரை பழுது, மதிப்பீடு வாங்கவும்". அடுத்த வருடம், "கூரை, நிதி இல்லாததால் ஒத்திவைப்பு". மூன்றாம் வருடம், "கூரை, சிறப்பு லெவி பற்றி டிரஸ்டிகள் முடிவெடுப்பார்கள்". லெவி என்றால் கட்டிடச் செலவுக்கு உரிமையாளர்கள் மாதாமாதம் கட்டும் பணம், சிறப்பு லெவி பெரிய செலவுக்கு அதற்கு மேல் வசூலிப்பது. மூன்று வருடமும் ஒரே கூரை, ஒரே ஒழுகல். கடைசிப் பக்கத்தில் லெவி பாக்கிப் பட்டியல், அதில் பாதிப் பேருக்கு மேல் ஆறு மாதமாகக் கட்டவில்லை. காலையில் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் கவலையாக இருந்தது. அவர் கேட்டுவிட்டு, "அப்போ கூரைக்கும் சேர்த்துத்தான் நாம காசு கொடுக்கணும்" என்று மட்டும் சொல்லிக் காலணியை மாட்டினார்.

கணக்கு எப்படி வரும் என்று ஒரு உதாரணம். குடியிருப்புத் திட்டங்களில் லெவி பொதுவாகப் பங்கு விகிதப்படி வரும், அதாவது உங்கள் தளப் பரப்பை எல்லா ஃபிளாட்டுகளின் மொத்தப் பரப்பால் வகுப்பது. 68 சதுர மீட்டர் ஃபிளாட், மொத்தம் 1,360 சதுர மீட்டர் என்றால் உங்கள் பங்கு 5 சதவீதம். கூரைக்கு 9 லட்சம் ராண்ட் என்றால் உங்கள் தலையில் 45,000 ராண்ட், மாத லெவிக்கு மேல். நீங்கள் வாங்குவதற்கு முன்பே தீர்மானம் போட்டிருந்தாலும், பெயர் மாறிய நாளிலிருந்து உள்ள விகிதம் புது உரிமையாளருக்கு வரும். அதனால் "தீர்மானமான, தீர்மானமாகப் போகிற சிறப்பு லெவி எல்லாம் விற்பவர் பொறுப்பு" என்று வாங்குவதற்கான ஆஃபரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு உதவாது.

ஆவணங்களை யாரிடம் கேட்பது? விற்பவரிடம் எழுத்தில் ஒரு அனுமதி வாங்கி, கட்டிடத்தின் நிர்வாக ஏஜெண்டிடம் கேளுங்கள். மூன்று வருட மினிட்ஸ், தணிக்கை செய்த கணக்கு, இந்த வருட பட்ஜெட், பத்து வருடப் பராமரிப்புத் திட்டம், நடத்தை விதிகள், இன்ஷூரன்ஸ் அட்டவணை, இவ்வளவும் வேண்டும். 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த செக்‌ஷனல் டைட்டில் நிர்வாகச் சட்டப்படி பாடி கார்ப்பரேட் (கட்டிடத்தின் எல்லா உரிமையாளர்களும் சேர்ந்த அமைப்பு) ஒரு ரிசர்வ் நிதி வைத்தே ஆக வேண்டும். அந்த நிதி முந்தைய வருட நிர்வாகப் பங்களிப்பில் 25 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால், பட்ஜெட்டில் குறைந்தது 15 சதவீதமாவது அதற்காக ஒதுக்க வேண்டும். கணக்கில் இதைத் தேடுங்கள். லெவி குறைவு என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குப் பயம்தான் வரும், ஏனென்றால் சேமிப்பு இல்லாத கட்டிடத்தில்தான் லெவி குறைவாக இருக்கும்.

சுவர் யாருடையது என்ற கேள்வியும் உண்டு. சட்டப்படி உங்கள் பகுதியின் எல்லை, சுவர், தரை, உட்கூரை (சீலிங்) ஆகியவற்றின் நடுக்கோடு. உள்பக்கம் உங்களுடையது, வெளிப்பக்கம் எல்லாருடையதும். ஆனால் கீசர் மட்டும் பொது இடத்தில் தொங்கினாலும் உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் கொடுத்தால் அதன் பராமரிப்பு உங்கள் செலவு. கடற்கரையில் வளர்ந்த நமக்கு இது பெரிதாகத் தெரியாது. கிளாரன்ஸ் 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிறது, குளிர்கால இரவில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போகும், வெளிச்சுவரில் ஓடும் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து விரிந்து குழாயே பிளந்துவிடும். ஃபிளாட் பார்க்கும்போது கீசர் இருக்கும் இடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், குழாய்கள்மேல் பஞ்சுறை சுற்றியிருக்கிறதா, அடியில் தட்டு இருக்கிறதா, தட்டில் துரு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கூரை புல் வேய்ந்ததாக இருந்தால், இடிதாங்கி இருக்கிறதா என்பதையும் இன்ஷூரன்ஸ் கட்டணத்தையும் கேளுங்கள், புல்லுக்குக் கட்டணம் கூடுதல்.

பணம். விலை மட்டும் விலை அல்ல. 2025 ஏப்ரல் 1 முதல் 12,10,000 ராண்ட் வரை டிரான்ஸ்ஃபர் டியூட்டி (சொத்து கைமாறும்போது அரசுக்குக் கட்டும் வரி) இல்லை, அதற்கு மேல் 16,63,800 வரை உள்ள தொகைக்கு 3 சதவீதம். 15 லட்சம் ராண்ட் ஃபிளாட்டுக்கு 8,700 ராண்ட் வரும். கட்டுபவரிடமிருந்தே புதிதாக வாங்கினால் டியூட்டி கிடையாது, விலைக்குள் வாட் இருக்கும். பத்திர வக்கீலைத் தேர்ந்தெடுப்பது பொதுவாக விற்பவர், அவருக்குக் கட்டணம் கொடுப்பது நீங்கள். பாண்ட் போட்டால் அதன் பதிவுக்கும் தனியாகக் கட்டணம். மாதாமாதம் பாண்ட், லெவி, முனிசிபாலிட்டி ரேட்ஸ், மின்சாரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, பன்னிரண்டால் பெருக்கி, நீங்கள் வருடத்தில் உண்மையாகவே எத்தனை இரவு அங்கே தூங்குவீர்களோ அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். குடும்பம் மொத்தமும் சேர்ந்து நாற்பது இரவுக்கு மேல் வராது என்றால், விடுதியில் தங்குவதே மலிவாக இருக்கலாம்.

"வாடகைக்கு விட்டு லெவியைக் கட்டிடலாம்" என்பார்கள். கட்டலாம், ஆனால் பனிச்சறுக்கை நம்பாதீர்கள். கிளாரன்ஸுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நீண்ட வார இறுதிகளுக்கு வருபவர்கள், கலைக் கூடங்களுக்கும், பக்கத்திலுள்ள கோல்டன் கேட் பூங்காவுக்கும், ஆஷ் ஆற்றில் படகு விடவும் வருகிறார்கள். ஆகவே கேட்க வேண்டியது ஈஸ்டரிலும் டிசம்பரிலும் எவ்வளவு வந்தது என்பதைத்தான், ஜூலையை அல்ல. கட்டிடத்தின் நடத்தை விதிகளில் குறுகிய கால வாடகைக்குத் தடை இருக்கிறதா என்று பாருங்கள். வாடகை வருமானத்துக்கு வரி உண்டு, விற்கும்போது சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குக் கிடைக்கும் மூலதன ஆதாயச் சலுகையும் இதற்குக் கிடைக்காது.

கையெழுத்துக்கு முன் இன்னும் சில. ஏஜெண்டிடம் செல்லுபடியான ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ் (தொழில் நடத்த அவருக்கு வேண்டிய உரிமம்) இருக்கிறதா என்று கேளுங்கள். 2022 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, குறைகளை விற்பவர் எழுதிக் கையெழுத்திட்ட படிவத்தைக் கட்டாயம் கொடுக்க வேண்டும், அது கைக்கு வராமல் மேலே போகாதீர்கள். ஒப்பந்தத்தில் ஃபூட்ஸ்டூட்ஸ் என்ற சொல் இருக்கும், இருக்கிற நிலையில் வாங்குகிறீர்கள் என்று அர்த்தம். தெரிந்தே மறைத்த குறைக்கு மட்டும்தான் அவரைப் பிடிக்க முடியும், அதை நிரூபிப்பது உங்கள் பாடு. ஐந்து நாளுக்குள் மனம் மாறலாம் என்று பலர் நம்புகிறார்கள். அந்தச் சலுகை 2,50,000 ராண்ட் வரை உள்ள விற்பனைக்குத்தான். மின்சாரச் சான்றிதழ், எரிவாயு இருந்தால் அதற்கான சான்றிதழ் இரண்டும் வேண்டும். லெவி பாக்கி இல்லை என்ற சான்று இல்லாமல் பதிவே நடக்காது.

அண்ணன் தம்பி, அக்கா தங்கை சேர்ந்து வாங்குவது நம் வீடுகளில் சகஜம், நாங்களும் அப்படித்தான். தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். யாருக்கு எத்தனை சதவீதம், லெவி யார் கட்டுவது, டிசம்பர் யாருக்கு, ஒருவர் விலக நினைத்தால் மற்றவருக்கு முதலுரிமையா, ஒருவர் இறந்தால் அவர் பங்கு எங்கே போகும். திருமணச் சொத்து முறை என்ன என்று வக்கீல் கேட்பார், கணவன் மனைவி சொத்து பொதுவானதாக இருந்தால் இருவரும் கையெழுத்திட வேண்டும். நாங்கள் இதையெல்லாம் அம்மாவின் சமையலறை மேசையில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினோம். அன்று கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது, ஆனால் தம்பிக்கு வேலை போன வருடத்தில் அந்த இரண்டு பக்கம்தான் எங்களைப் பேச வைத்தது.

சாவி கைக்கு வந்த அன்றே தண்ணீரை நிறுத்தும் ஸ்டாப்காக் எங்கே என்று கண்டுபிடியுங்கள். குளிர்காலத்தில் ஊருக்குத் திரும்பும் காலையில் கீசரை அணைத்து, ஸ்டாப்காக்கை இறுக மூடி, எல்லாக் குழாயையும் திறந்து வடிய விட்டு, கடைசியாகத் தொட்டியையும் ஃப்ளஷ் செய்துவிட்டுக் கதவைப் பூட்டுங்கள்.