ஜெர்மானிய மொழிகளைக் கண்ணாலேயே பிரித்தறிவது எப்படி?

நான் பார்ப்பது டிடிபி வேலை. ஐரோப்பியப் பொருள்களோடு வரும் மேனுவல், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள் போன்றவற்றுக்குச் சென்னையில் உட்கார்ந்து பக்கம் அமைக்கிறோம். ஒரே ஃபைலில் பல மொழிகள் இருக்கும், அதில் பாதி ஜெர்மானியக் குடும்பம், அதாவது ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ் போன்ற உறவு மொழிகள். புதிதாகச் சேருகிறவர்கள் எதைப் பார்த்தாலும் "ஜெர்மன் மாதிரி இருக்கு" என்பார்கள். அவர்களுக்கு நான் சொல்லித்தரும் முறை இது. மொழி தெரிய வேண்டியதில்லை. எழுத்துகளை ஆங்கிலப் பெயராலேயே சொல்கிறேன்.

முதலில், ஃபைல் பெயரை நம்பாதீர்கள். நாட்டுக் குறியீடு வேறு, மொழிக் குறியீடு வேறு. ஸ்வீடன் நாட்டுக்கு எஸ்இ, ஸ்வீடிஷ் மொழிக்கு எஸ்வி. மொழிக் குறியீடாக எஸ்இ என்று போட்டால் அது வடக்கு சாமி மொழி, இந்தக் குடும்பமே கிடையாது. உள்ளே இருப்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வாக்கியத்தின் நடுவிலும் பெரிய எழுத்துகள் நிறைய வருகின்றனவா? அநேகமாக ஜெர்மன்தான். அங்கே பெயர்ச்சொல் எல்லாமே பெரிய எழுத்தில் தொடங்கும். ஆங்கிலப் 'பஸ்' சொல்லின் முதல் எழுத்தான 'பி' போலத் தெரியும் எஸ்செட் எழுத்தும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அது இல்லாமல் எங்கும் இரட்டை 'எஸ்' வந்தால் சுவிட்சர்லாந்துக்கான பிரதியாக இருக்கலாம். அங்கே எஸ்செட் எழுதுவதில்லை, தயவுசெய்து யாரும் அதைத் 'திருத்த' வேண்டாம். பெரிய எழுத்துகளோடு, இரட்டைப் புள்ளி வைத்த 'ஈ'யும் அடிக்கடி வந்தால் லக்சம்பர்கிஷ். டேனிஷும் 1948 வரை பெயர்ச்சொற்களைப் பெரிய எழுத்தில்தான் எழுதியது, பழைய ஸ்கேன் வந்தால் நினைவில் வையுங்கள்.

அடுத்து வடக்கு. தலையில் குட்டி வளையம் வைத்த 'ஏ' இருந்தால் ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜியன் மூன்றில் ஒன்று. கூடவே இரட்டைப் புள்ளி வைத்த 'ஏ', 'ஓ' இருந்தால் ஸ்வீடிஷ். அதற்குப் பதில் குறுக்கே கோடு கிழித்த 'ஓ'வும், 'ஏ'யும் 'ஈ'யும் ஒட்டிய எழுத்தும் இருந்தால் மற்ற இரண்டில் ஒன்று. இரட்டைப் புள்ளிகள் ஏராளமாக இருந்தும் வளையம் கண்ணிலேயே படவில்லையா? ஃபின்னிஷாக இருக்கலாம். பின்லாந்தில் ஸ்வீடிஷும் ஆட்சிமொழி என்பதால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகும். ஆனால் ஃபின்னிஷ் வேறு குடும்பம்.

டேனிஷா, நார்வேஜியனா என்பதில்தான் எல்லோரும் திணறுவார்கள். 1814 வரை நார்வே டென்மார்க்கோடு இணைந்திருந்தது, எழுத்துமொழியும் டேனிஷ்தான். 1907 சீர்திருத்தத்தில் பல சொற்களின் 'பி, டி, ஜி' எழுத்துகளை எடுத்துவிட்டு 'பி'க்குப் பதில் ஆங்கிலப் 'பென்' சொல்லின் முதல் எழுத்து, 'டி'க்குப் பதில் 'டென்' சொல்லின் முதல் எழுத்து, 'ஜி'க்குப் பதில் 'கே' என்று நார்வேக்காரர்கள் தங்கள் உச்சரிப்புப்படி மாற்றிக்கொண்டார்கள். அதனால் புத்தகம் என்ற சொல் டேனிஷில் 'ஜி'யிலும் நார்வேஜியனில் 'கே'யிலும் முடியும். இன்னும் வேகமான வழி ஒன்று: வளையம் வைத்த 'ஏ' தனிச் சொல்லாக அடிக்கடி நின்றால் நார்வேஜியன். டேனிஷில் அந்த இடத்தில் இரண்டெழுத்துச் சொல் வரும்.

நார்வேஜியனிலும் இரண்டு எழுத்துமுறைகள் உண்டு. ஃபைல் பெயரில் என்பி என்றால் பூக்மோல், என்என் என்றால் நீநோர்ஸ்க். 19ஆம் நூற்றாண்டில் இவார் ஓசென் வட்டார வழக்குகளைத் திரட்டி உருவாக்கியது இரண்டாவது. அதன் வாக்கியத்தை முதலாவதில் ஒட்டிவிட்டால் யாராவது நிச்சயம் கண்டுபிடிப்பார்கள்.

ஐஸ்லாண்டிக், ஃபாரோயீஸ் இரண்டும் சுலபம். வளையம் இருக்காது, 'டாக்டர்' சொல்லின் முதல் எழுத்தான 'டி'யின் தலையில் கோடு போட்ட எத் என்ற எழுத்து இருக்கும். செங்குத்துக் கோட்டின் நடுவில் வயிறு வைத்த தோர்ன் என்ற எழுத்தும் சேர்ந்து வந்தால் ஐஸ்லாண்டிக், அது இல்லாமல் கோடு கிழித்த 'ஓ' இருந்தால் ஃபாரோயீஸ்.

டச்சில் உயிரெழுத்துகள் இரட்டை இரட்டையாக வரும், 'ஐ'யும் 'ஜே'யும் கைகோத்துத் திரியும். பெரிய எழுத்தில் தொடங்கும்போது இரண்டையுமே பெரிதாக்க வேண்டும். ஆஃப்ரிக்கான்ஸில் அந்த ஜோடிக்குப் பதில் 'ஒய்'. எதிர்மறை வாக்கியத்தில் ஒரே சொல் பெரும்பாலும் இரண்டு முறை வரும். மேற்கோள் குறிக்குப் பிறகு ஒற்றை 'என்' நிற்பதும் ஆஃப்ரிக்கான்ஸ்தான். மென்பொருள் அந்தக் குறியைத் திறக்கும் மேற்கோளாகத் திருப்பிவிடும், மூடும் குறியாகக் கையால் மாற்றுங்கள்.

யிட்டிஷும் இதே குடும்பம், ஆனால் ஹீப்ரு எழுத்தில், வலமிருந்து இடமாக வரும். அதை அரபி, ஹீப்ரு வேலை பார்ப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் அகரவரிசை. ஸ்வீடிஷில் வளைய 'ஏ', புள்ளி 'ஏ', புள்ளி 'ஓ' மூன்றும் 'இசட்' எழுத்துக்குப் பின் வரும். டேனிஷில் வளைய 'ஏ'தான் கடைசி. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரம் 2011இல் தன் பெயரில் வளையத்தை விட்டுவிட்டு இரட்டை 'ஏ'வுக்குத் திரும்பியது. ஆனாலும் வரிசையில் அந்த இரட்டை 'ஏ' வளைய 'ஏ'வாகவே கணக்காகும் என்பதால் டேனிஷ் இன்டெக்ஸில் அதை முதலில் வைக்கக்கூடாது, கடைசியில்தான் வைக்க வேண்டும்.